காணச் சென்றவன் கடன்

பிறர் உழைப்பைக் காண்பதற்கென்று பொருள் செலவிட்டு நெடுந்தொலை செல்லுகின்ற ஒருவன், கண்டு மீண்ட பின்னர் அவ்வுழைப்பாளிக்குக் கடன்பட்டவனா, அல்லனா? இவ்வினா சிறிதெனத் தோன்றும். பயணத்துக்கும் உணவுக்கும் உறையுளுக்கும் உரிய விலையைக் கொடுத்துத் தீர்த்தவனுக்கு இனி என்ன கடன் என்று உலகியல் அறிந்தோர் நகைப்பர். ஆயினும் இதனை ஆராயாது விடுதல் தகாதென்று கருதியே இக்கட்டுரையை எழுதலுற்றோம்.

தென்னமெரிக்காவின் மேலைக்கரையை ஒட்டி வடக்கினின்று தெற்காக நீண்டு கிடக்கின்றது ஆண்டிஸ் மலைத்தொடர். அதன் நடுப்பகுதியில், பெரு நாட்டைச் சேர்ந்த கூஸ்கோ என்னும் பழம்பதி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. இன்கா அரசர்களின் தலைநகராயிருந்த அவ்வூருக்கு வருவோருட் பெரும்பாலோர் மாச்சு பிச்சுவின் கற்சுவர்களைக் கண்டு படமெடுத்துக்கொண்டு திரும்புவர். வேறு சிலரோ குழுவாகச் சேர்ந்து வேறொரு நோக்கத்துடன் வருகின்றனர். மலைவாழ் குடியானவர் எவ்வாறு உழுகின்றனர், எதை விதைக்கின்றனர், எங்ஙனம் சமைத்து உண்கின்றனர், உறைபனிக்கும் பஞ்சத்துக்கும் இடையே உணவை எவ்வாறு காத்து வைக்கின்றனர் என்பவற்றைக் கண்டு கற்பதே அவர்தம் நோக்கம். ஊர் ஊராகச் சென்று, கெச்சுவா மொழி பேசும் குடும்பங்களின் அடுப்பங்கரையில் அமர்ந்து உண்டு, வயலில் இறங்கிக் கிழங்கும் தோண்டிப் பார்த்து மீள்கின்றனர். கற்சுவரைக் காணச் செல்வோரினும் கிழங்கு தோண்டும் கையைக் காணச் செல்வோர் மேலானவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. மேலானவர் ஆதலினாலேயே இவ்வினாவை அவர்களை முன்னிட்டு எழுப்புகின்றோம்.

அங்கே அவர்கள் காண்பது யாது? நூல்வழி நாம் அறிந்தவற்றுட் சிலவற்றைக் கூறுவோம்.

செங்குத்தான சரிவுகளில் மாடு பூட்டிய ஏர் செல்லாது. அங்கே உழுபடை காலால் மிதிக்கப்படும் ஒரு நீண்ட கோலாகும். சாக்கித்தாக்யா என்பது அதன் பெயர். ஆடவர் இருவர் அருகருகே நின்று ஒரே வேளையில் மிதித்து மண்ணைப் பெயர்ப்பர். எதிரே குனிந்திருக்கும் பெண் அந்தப் புல்லோடு கூடிய மண்கட்டியைக் கையால் புரட்டி வைப்பாள். தாழ்ந்த பள்ளத்தாக்கில் மக்காச்சோளமும், அதற்கு மேலே பலவகைக் கிழங்குகளும், எல்லாவற்றுக்கும் மேலே பயிர் ஏறாத குளிர்நிலத்தில் லாமா, அல்பாக்கா என்னும் விலங்குகளின் மேய்ச்சலும் என்று மலையையே அடுக்கடுக்காகப் பகுத்து வாழ்கின்றனர். பல ஊர்களில் எந்தப் பகுதியில் இவ்வாண்டு கிழங்கு நடுவது, எந்தப் பகுதியைத் தரிசாக விடுவது என்பதை ஊர்ப்பொதுவே தீர்மானிக்கின்றது. ஓராண்டு உருளைக்கிழங்கு விளைந்த நிலம் அடுத்த ஆண்டு வேறு கிழங்கும், அதற்கடுத்து வாற்கோதுமையோ அவரையினமோ தாங்கி, பின்னர்ப் பல ஆண்டுகள் ஓய்ந்து கிடக்கும். நிலத்துக்கு ஓய்வளிக்கும் முறையை அரசாணை இன்றியே அவர்கள் காத்து வந்திருக்கின்றனர். ஆலைத் தொழிலாளி வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு பெறுவதற்கு எத்தனை காலம் போராடினான் என்பதை நினைத்துக்கொண்டு இச்செய்தியைப் படித்தோம்.

உருளைக்கிழங்கின் பிறப்பிடம் அம்மலைகளே. ஆண்டிஸ் நாடுகளில் நாட்டுவகைகள் மட்டும் 4,000-க்கு மேல் உண்டென்பர். ஒரே குடும்பத்தின் ஒரே வயலில் இருபது முப்பது வகைகள் கலந்து விளைவது அங்கே இயல்பு. கருமை, செம்மை, ஊதா, மஞ்சள் என நிறமும் பல. உருண்டை, நீளம், முறுக்கு என வடிவமும் பல. புடைப்புகள் நிறைந்த ஒரு கிழங்குக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று பெயர். மணமகளின் கையில் அதைக் கொடுத்துத் தோலை உரிக்கச் சொல்லி, அவள் கைத்திறனைப் பார்ப்பார்களாம். (மாமியார் எங்கும் மாமியாரே போலும்!) ஒரு வகை உறைபனியைத் தாங்கும், மற்றொன்று நோயைத் தாங்கும், வேறொன்று வறட்சியைத் தாங்கும். எவ்வாறு பொய்த்தாலும் ஏதேனும் சில எஞ்சும். அயர்லாந்து நாட்டில் 1845-இல் கருகல் நோய் புகுந்தபோது, ஏழைமக்கள் பெரும்பாலும் ஒரே வகைக் கிழங்கை நம்பியிருந்தமையால் விளைச்சல் முழுதும் அழுகி, சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். கிழங்கு மட்டும் கடல் கடந்தது. பலவகையைக் கலந்து நடும் அறிவு உடன் செல்லவில்லை.

இனி அவர்களது சேமிப்பு முறை. ஜூன், ஜூலைத் திங்களில் அங்கே கடுங்குளிர்க் காலம். மிக உயர்ந்த இடத்தில் விளையும் கசப்புக் கிழங்குகளை இரவில் தரையில் பரப்பி உறையவிடுவர். பகலில் வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து வெளியேற்றுவர். இவ்வாறு பல இரவுபகல் செய்தபின், சிறு கூழாங்கல் போன்று சுருங்கிக் கறுத்து, எடையற்றுப்போன ஒரு பொருள் கிட்டும். சூன்யோ என்பது அதன் பெயர். அது பல ஆண்டுகள் கெடாது. கசப்பும் நஞ்சும் நீங்கியிருக்கும். கசப்பு நீங்காத கிழங்கைச் சில இடங்களில் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்த குழம்பில் தோய்த்து உண்பர். களிமண் அந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும். ஆய்வுக்கூடம் இன்றி இதனைக் கண்டறிந்தோர் யார் என்பதற்கு ஏட்டில் பெயரில்லை. எத்தனை பேர் வயிற்றுநோயால் வருந்தி இவ்வறிவை ஈட்டினர் என்பதற்கும் கணக்கில்லை.

அன்பர்களே! விருந்தினன் உண்மையில் காண்பது இதனைத்தான். தட்டில் வைத்த கிழங்குக்கு அவன் விலை கொடுத்தான். அந்தக் கிழங்கை உண்ணத்தக்கதாக்கிய அறிவுக்கு விலை கொடுத்தானா? அதற்கு விலை உண்டா?

அம்மக்களிடையே அய்னி என்று ஒரு முறைமை வழங்குகின்றது. ‘இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு’ என்பதே அதன் பொருள். என் வயலை உழ நீ ஒரு நாள் வந்தால், உன் வயலை உழ நான் ஒரு நாள் வருவேன். கூரை வேய வந்தவனுக்குக் கூரை வேய்ந்தே திருப்பவேண்டும். உழைப்பை உழைப்பாலேயே தீர்ப்பது அதன் இயல்பு. காசு கொடுத்தால் கணக்கு அன்றே முடிந்துவிடும், இருவரும் பிரிந்து போகலாம். அய்னியிலோ கணக்கு முடிவதேயில்லை, இன்று பெற்றவன் நாளைக்குக் கட்டுண்டவனாகின்றான். அக்கட்டே ஊர் என்பது. நமது சிற்றூர்களிலும் நடவுக்கும் அறுவடைக்கும் மாறாள் செல்லும் வழக்கம் இருந்தமையை முதியோர் அறிவர். நிலமே இல்லாதவன் மாறாள் கேட்க இயலாதென்பதையும் அவர்கள் அறிவர். ஆகவே இம்முறைமையைத் தேவலோகத்துக்கு உயர்த்திப் பேச நாம் விரும்பவில்லை. ஆண்டிஸ் ஊர்களிலும் உள்ளவர் இல்லாதவர் என்னும் வேறுபாடு உண்டு.

இத்தகைய ஊருக்குள் விருந்தினர் குழு புகுகின்றது. அறுவடை வயலில் மண்கட்டிகளை அடுக்கிச் சிறு சூளை கட்டி, தீமூட்டிக் காய்ச்சி, கிழங்குகளை உள்ளே இட்டு, சூளையை அப்படியே இடித்து மூடிச் சுட்டெடுக்கின்றனர். வந்தவர்கள் சுடச்சுட உண்கின்றனர். மறுநாள் புறப்பட்டு விடுகின்றனர். அவர்களது வயல் எங்கே இருக்கின்றது, யார் சென்று அங்கே உழுது கணக்கை நேர் செய்வது? பணம் கொடுத்தனர், வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. பணம் தீதென்று நாம் கூறவில்லை. மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் பணம் கொடுத்ததனால் கணக்கு முடிந்தது என்று கருதுகிறானே, அங்கேதான் பிழை தொடங்குகின்றது.

கண்டவன் வெறுங்கையுடன் மீள்வதில்லை என்பதற்கு அம்மலைகளின் வரலாறே சான்று. 1545-இல், இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி என்னுமிடத்தில் வெள்ளிமலை கண்டறியப்பட்டது. 1570-களில் ஸ்பானிய ஆட்சி, ஊர்தோறும் ஆடவருட் பகுதியினரை முறைவைத்துச் சுரங்கத்துக்கு அனுப்பவேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று. சுரங்கத்தில் வேலை செய்தோர் எதை உண்டனர்? இந்தச் சூன்யோவைத்தான். கெடாத உணவு, எடை குறைந்த உணவு, எத்தனை தொலைவும் லாமாவின் முதுகில் ஏற்றிச் செல்லத்தக்க உணவு! சூன்யோவை வாங்கிப் பொத்தோசியில் விற்றே செல்வராகித் தாய்நாடு திரும்பிய ஸ்பானியர் பலரென்று அக்காலத்தவராகிய சியேசா தெ லியோன் எழுதி வைத்திருக்கின்றார். பஞ்சத்தில் தம் பிள்ளைகளைக் காப்பதற்கென்று முன்னோர் கண்ட உணவே, அவர்தம் வழித்தோன்றல்களைச் சுரங்கத்தில் நிறுத்தி வைக்கும் கருவியாயிற்று. முதலில் வந்த ஸ்பானியனும் அவ்வுணவைக் கண்டு வியந்துதான் இருப்பான். வியப்பு மட்டும் ஒருவனை நல்லவனாக்காது.

இது பழங்கதை என்று தள்ளவேண்டா. 4,000 மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் விளையும் மாக்கா என்னும் கிழங்கினின்று எடுக்கும் சாற்றுக்கு 2001-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் காப்புரிமை பெற்றது. பெரு நாட்டினர் எதிர்த்தனர். 2004-இல் இத்தகைய கவர்தலைத் தடுப்பதற்கென்று ஒரு தேசியக் குழுவையே அந்நாடு சட்டத்தின் வழி நிறுவிற்று. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்பது நம் அன்பர்கள் நாள்தோறும் ஏற்கும் விரதங்களுள் ஒன்றன்றோ? விதையைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வருதல் அவ்விரதத்துக்கு மாறு என்பதை எவரும் ஒப்புவர். ஒரு கிழவி அடுப்பருகே அன்பினால் சொல்லிய சமையல்முறையைப் பெருநகர உணவுவிடுதியில் தன் கண்டுபிடிப்பாக விற்றல் மட்டும் அதற்கு இசைந்ததாகுமா? அவள் கொடுத்தது விருந்தினனுக்கு, வணிகனுக்கன்று.

களவு செய்யாதவனையும் இங்கே கருதவேண்டும். அவன் பார்க்க மட்டுமே வந்தவன். பார்க்கப்படுதல் என்பது எத்தகையது என்பதை நாம் ஓரளவு அறிவோம். நூற்பாலையில் நாம் நின்ற ஆண்டுகளில் பார்வையாளர் வருவது உண்டு. அன்றைக்குத் தரை கூட்டப்படும்; மேஸ்திரியின் குரல் தணியும். வந்தவர்கள் அறுந்த இழையை நாம் பிணைக்கும் விரைவைக் கண்டு வியந்து செல்வார்கள். விரலைப் பார்த்தவர் பலர். ஒருவர் மட்டும் நின்று, பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போகாதா என்று கேட்டார். அவருக்கு நம்மால் விடைகூற இயலவில்லை, மேஸ்திரி அருகில் இருந்தார். ஆயினும் அக்கேள்வி இன்றும் நினைவில் இருக்கின்றது; மற்றவர்களின் வியப்பு நினைவில் இல்லை.

ஆண்டிஸ் மலைக்குச் செல்வோரும் நெஞ்சைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இத்துணை உணவறிவு படைத்த மலைநாட்டில் குழந்தைகளின் உடல் எவ்வாறிருக்கின்றது? தித்திக்காக்கா ஏரிக்கரையிலுள்ள பூனோ பகுதியில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பத்துக்கு ஏறக்குறைய எழுவர் இரத்தச்சோகை உடையவர் என்று 2019-ஆம் ஆண்டின் நாடுதழுவிய கணக்கு கூறிற்று. பழமையின் பெருமையைப் பேசுவோர் இதனைப் பேசுவதில்லை. கீன்வா என்னும் தானியத்துக்கு 2013-ஐ உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. செல்வநாட்டினர் விரும்பி உண்ணத் தொடங்கவே விலை பன்மடங்கு ஏறிற்று. பொலிவியாவின் தென்மேட்டு நிலத்தில் லாமாக்கள் மேய்ந்த புல்வெளியும் உழப்பட்டது. மண் காற்றில் பறந்தது. சில ஆண்டுகளுள் விலை சரிந்துவிட்டது. புகழ்ந்து உண்டவன் மண்ணை அரிக்கவேண்டும் என்று கருதினானா? இல்லை. அவன் கருதாமலே அது நிகழ்ந்தது.

இன்னும் நுண்ணிய தீங்கு ஒன்று உளது. ‘நீங்கள் இப்படியே மாறாதிருங்கள்’ என்று விருந்தினன் உள்ளத்துள் வேண்டுகின்றான். தகரக்கூரையைக் கண்டால் அவன் முகம் சுருங்குகின்றது. வைக்கோற் கூரைதான் அழகு. டிராக்டரைக் கண்டால் ஏமாற்றம். காலால் மிதிக்கும் கோல்தான் பண்பாடு. அந்த வீட்டுப் பெண் லீமா நகரம் சென்று செவிலியாகப் பயில விரும்பினால், மரபு அழிகின்றதே என்று வருந்துகின்றான். அவன் தன் மகளைக் கோல்மிதிக்க அனுப்புவானா? பிறர் முதுகு வளைவதை அழகென்று காண்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. மரபைக் காப்பதும் விடுவதும் அம்மரபின் சுமையைத் தாங்குவோர் தீர்மானிக்கவேண்டியவை. இதனை நாம் உறுதியாகவே கூறுகின்றோம்; கைத்தொழிலின் அழகைப் பற்றி நமக்குச் சொற்பொழிவு செய்தோர் பலர், கைத்தொழில் செய்தோர் அவருட் சிலரே.

அங்ஙனமாயின் செல்லாமலிருப்பதே நன்றன்றோ என்று கேட்பாருமுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. செல்லாதவன் தூயவனாகிவிடுவதில்லை, அறியாதவனாக மட்டும் இருப்பான். மலையில் இருப்போரும் யாரும் வரவேண்டா என்று கதவடைக்கவில்லை. எவ்வாறு வரவேண்டும் என்பதை அவர்களே சொல்லத் தொடங்கியிருக்கின்றனர் என்பதே நாம் போற்றும் செய்தி.

கூஸ்கோவுக்கு அணித்தான பிசாக் மலைமேல், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு கெச்சுவா ஊர்கள் ஒன்றுகூடித் தம் நிலங்களை இணைத்து ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ என்று பெயரிட்டன. அவ்வூர்களில் வழிகாட்டுவோரும் சமைப்போரும் நெய்வோரும் மூலிகை அறிந்தோரும் தனித்தனிக் குழுக்களாக இயங்குகின்றனர். வருவாயில் ஒரு பகுதி பொதுநிதிக்குச் சென்று, ஊர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பகிரப்படுகின்றது. அவ்வுடன்படிக்கை பழைய அய்னி முதலிய முறைமைகளின்மேல் எழுந்ததாகும். எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது என்பது அவர்கள் கையில் இருக்கின்றது. இந்தப் பூங்காவிலே நிகழ்ந்த மற்றொன்று நம் வினாவுக்கு நேரே விடை போன்றது. லீமாவில் 1971-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், ஆண்டிஸ் வயல்களிலிருந்து திரட்டிய வகைகளைப் பாதுகாத்து வருகின்றது. வயல்களிலோ நோயாலும் வறட்சியாலும் பல வகைகள் மறைந்து வந்தன. 2004-இல் அம்மையத்துக்கும் ஆறு ஊர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நானூறுக்கு மேற்பட்ட வகைகள், நச்சுநோய் நீக்கித் தூய்மை செய்யப்பட்டு, மீண்டும் மலையேறின. கிழங்கைக் கொண்டு சென்றவர் கிழங்காகவே திருப்பிக் கொடுத்தனர்! காசு கொடுத்து முடித்துவிடவில்லை. 2015-இல் அவ்வூரார், வடதுருவத்துக்கு அருகே நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள உலக விதைக்காப்பகத்தில் தம் கிழங்குகளின் விதைகளைத் தாமே முன்வந்து சேர்ப்பித்தனர். மலையின் வெப்பம் ஏறி வருதலால் கிழங்கு வயல்கள் ஆண்டுக்காண்டு மேலே மேலே நகர்கின்றன. உச்சிக்கு மேல் நிலம் இல்லை என்பதை அவர்கள் அறிவர்.

குழுவாகச் செல்ல எண்ணுவோர் புறப்படும் முன்னரே சிலவற்றைக் கேட்டறிதல் தகும். எந்த நாளில் வருவது என்பதை ஊர் குறித்ததா, பயண முகவர் குறித்தாரா? விழாவை விருந்தினருக்காக நாள் மாற்றி நடிக்கச் சொல்லியிருக்கின்றனரா? சமைத்த பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? மீண்டு வந்தபின் கண்டதைப் பிறர்க்கு உரைக்கும்போது, ஊதா நிறக் கிழங்கின் அழகோடு பூனோக் குழந்தையின் சோகையையும் உரைப்பார்களா? முழுமையாகச் சொல்லுதலும் கடனைத் தீர்க்கும் ஒரு வழியே. நமக்குத் தெரிந்தவரை விருந்தினன் தன் உழைப்பால் திருப்பக்கூடியது அது ஒன்றே.

இதனைப் படிக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் அம்மலைக்கு என்றும் செல்லப்போவதில்லை, நாமும் செல்லப்போவதில்லை. ஆயினும் பூரியோடு கிழங்கு உண்ணாதவர் நம்மில் யார்? போர்ச்சுகீசியர் வழியாக உருளைக்கிழங்கு இந்நாட்டுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீலகிரியில் அது பயிராயிற்று. 1961-இல் உதகைப் பகுதி வயல்களில் வேரைத் தாக்கும் நுண்புழு ஒன்று கண்டறியப்பட்டது. அதுவும் ஆண்டிஸ் மலைக்குரிய புழுவே. கிழங்கின் வழியே உலகெங்கும் பரவிற்று. விளைச்சல் குன்றி நீலகிரிக் குடியானவர் வருந்தினர். மருந்து தெளித்துப் பார்த்தனர். சிம்லாவிலுள்ள நடுவண் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அப்புழுவை எதிர்க்கும் புதுவகையொன்றை உண்டாக்கி 1985-இல் வெளியிட்டது. குஃப்ரி சுவர்ணா என்பது அதன் பெயர். எதிர்க்கும் அவ்வாற்றல், ஆண்டிஸ் சரிவுகளில் தானே முளைக்கும் காட்டுக்கிழங்கு ஒன்றின் வழியாக அதற்கு வந்தது. உதகையில் அதை நட்டவருக்கும், சந்தையில் நிறுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நமக்கும், அம்மலையிலிருந்து இதுவரை யாரும் கணக்குச்சீட்டு அனுப்பவில்லை.